சம்பளச் சீட்டில் 200 ரூபாய்: பிடிப்பது யார், கேட்பது யாரிடம்?

(மும்பையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக் கொண்டிருந்தபோது, நம் இளைஞர் ஒருவர் தம் சம்பளச் சீட்டை நம்மிடம் நீட்டினார். “அண்ணாச்சி, வருசத்துக்கு 12 லட்சம் வரைக்கும் வருமான வரி கிடையாதுன்னு சொல்லுதாங்க. நான் மாசம் 18,000 ரூபாதான் வாங்குதேன். எனக்கு எதுக்கு மாசாமாசம் 200 ரூபா பிடிக்காங்க? நாம வெளியூர்க்காரங்கன்னா?” என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. இதே கேள்வி இங்கே அமர்ந்திருக்கும் பலர் மனத்திலும் இருக்கிறது. போகிற போக்கில் பதில் சொல்லிவிடக் கூடாது என்பதால், இன்றைய பேச்சையே அதற்கென ஒதுக்கியிருக்கிறோம்.

முதலில் சீட்டைப் படிப்போம். பி.எஃப். என்று அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் நூற்றுக்கு 12 போகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. என்று நூற்றுக்கு முக்கால் ரூபாய் போகிறது. இவை வரி அல்ல. ஒன்று நம் முதுமைக்கான சேமிப்பு, மற்றொன்று நம் வீட்டாரின் மருத்துவம். அடுத்து பி.டி. என்று இரண்டே எழுத்துகள், பக்கத்தில் 200 ரூபாய். அதுதான் தொழில் வரி. பிப்ரவரி மாதத்தில் மட்டும் அது 300 ஆகும். ஆண்டுக்குக் கூட்டினால் 2,500 ரூபாய்.

இந்த வரியைப் போடுவது டில்லி அல்ல. வருமான வரி மத்திய அரசின் அதிகாரம். தொழில் வரியோ அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே வருமான வரியில் டில்லி தரும் சலுகை இந்த 200 ரூபாயைத் தொடாது. மராட்டிய மாநிலச் சட்டமன்றம் 1975இல் இயற்றிய சட்டத்தின்படி இது பிடிக்கப்படுகிறது. பக்கத்து மெஷினில் நிற்கும் மராட்டியத் தொழிலாளியின் சீட்டிலும் இதே 200 ரூபாய்தான். வெளியூர்க்காரனுக்கு ஒன்று, உள்ளூர்க்காரனுக்கு ஒன்று என்று இதில் கிடையாது. இந்தச் சந்தேகத்தை முதலில் மனத்திலிருந்து துடைத்தெறிய வேண்டும். நம்மையும் அவரையும் பிரிக்க நினைப்பவர்களுக்குத்தான் அது பயன்படும்.

மாநிலத்துக்கு மாநிலம் இது எப்படி மாறுகிறது என்று பாருங்கள். இதே 18,000 ரூபாய் சம்பளத்துக்கு நம் உறவினர் ஒருவர் பெங்களூரில் வேலை பார்த்தால், அவருக்குத் தொழில் வரி ஒரு காசும் இல்லை. கர்நாடக அரசு 2023 ஏப்ரல் முதல், மாதம் 25,000 ரூபாய்க்குக் குறைவாக வாங்குகிறவர்களுக்கு விலக்கு அளித்துவிட்டது. டில்லியில் இந்த வரியே கிடையாது. சென்னையில் மாநிலத்துக்குப் பதிலாக மாநகராட்சி வாங்குகிறது. ஆறு மாத வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250 ரூபாய். 18,000 வாங்குகிறவருக்கு ஆண்டுக்கு அதே 2,500 தான். ஒரே வேலை, ஒரே சம்பளம். ஆனால் ரயிலேறி எந்த ஊரில் இறங்கினோம் என்பதைப் பொறுத்துக் கைக்கு வரும் பணம் மாறுகிறது.

இதைக் கேட்டதும், “அப்படியானால் மாநிலங்களுக்கு இந்த அதிகாரம் எதற்கு? எல்லாவற்றையும் டில்லியே பார்த்துக் கொள்ளட்டும்” என்று சிலர் சொல்லக் கூடும். தோழர்களே, இங்கேதான் நாம் நிதானித்து யோசிக்க வேண்டும். 1969இல் தமிழகத்தில் ராஜமன்னார் குழு அமைக்கப்பட்டதையும், 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியதையும் பெருமையோடு பேசுகிற மக்கள் நாம். சென்னைக்கு வரி போடும் உரிமை வேண்டும், மும்பைக்கு வேண்டாம் என்று நாம் சொல்லலாமா? நமக்கொரு நீதி, அடுத்தவனுக்கொரு நீதி என்பது நமக்கு அழகல்ல.

இந்த வரி பிறந்த கதையையும் தெரிந்து கொள்ள வேண்டும். 1972இல் இந்த மாநிலத்தைக் கடும் வறட்சி வாட்டியது. கிணறு வற்றி, கால்நடை மடிந்து, கிராமத்து ஏழைகள் கூலிக்கு அலைந்தார்கள். கேட்டவர்க்கு வேலை கொடுக்கும் வேலை உறுதித் திட்டம் அப்போது பிறந்தது. அதற்குப் பணம் திரட்டத்தான் நகரத்துச் சம்பளக்காரர்கள் மேல் இந்தத் தொழில் வரி வந்தது. 1977இல் அத்திட்டம் சட்டமாகி, 1979 குடியரசு நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. பின்னாளில், 2005இல், நாடு முழுமைக்கும் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தபோது, அதற்கு முன்னோடியாக நின்றது இதுவே. வானம் பொய்த்ததால் ஊரை விட்டு வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! வறண்ட கிராமத்துக்கு நகரம் கை கொடுப்பதை நாம் குறை சொல்ல மாட்டோம்.

நம்முடைய குறை வேறு. பாரத்தை யார் தலையில் எவ்வளவு ஏற்றுவது என்பதில்தான் அநீதி இருக்கிறது.

இங்கே ஆண் தொழிலாளிக்கு மாதம் 7,500 ரூபாய் வரைதான் விலக்கு. அதற்கு மேல் 10,000 வரை மாதம் 175 ரூபாய். 10,000 தாண்டினால் 200 ரூபாய், அத்தோடு ஏணி நின்று விடுகிறது. மாதம் 11,000 வாங்கும் காவலாளிக்கும் ஆண்டுக்கு 2,500. மாதம் 2 லட்சம் வாங்கும் மேலாளருக்கும் 2,500. காவலாளிக்கு அது நூற்றுக்கு ஏறக்குறைய 2 ரூபாய். மேலாளருக்கோ ஆயிரத்துக்கு ஏறக்குறைய 1 ரூபாய். இது என்ன கணக்கு?

மேலாளரிடம் கூடுதலாக வாங்க இந்த மாநிலம் நினைத்தாலும் முடியாது. அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு, ஒருவரிடம் ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று கட்டிப் போட்டிருக்கிறது. 1950இல் அந்த உச்சவரம்பு 250 ரூபாய். 1988இல் 60ஆவது திருத்தத்தால் 2,500 ஆயிற்று. அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக அது அசையவில்லை.

மற்றப் பக்கமும் மாநிலத்தின் கை கட்டப்பட்டிருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. விற்பனை வரியின் பெரும்பகுதி அதில் கரைந்தது. மும்பை மாநகராட்சியின் வாயில்களில் வசூலான ஆக்ட்ராயும் போயிற்று. ஜி.எஸ்.டி. மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு வலிமை. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். டில்லி தலையசைக்காமல் ஒன்றும் நடக்காது. ஆகவே பெட்ரோல், டீசல், மது, பத்திரப் பதிவு, வாகனம், தொழில் வரி என்று மிச்சமிருப்பதை மாநிலங்கள் இறுகப் பிடித்துக் கொள்கின்றன. மேலே தொட முடியாத கை, கீழே நம் சட்டைப் பைக்குள் வருகிறது. பாதிச் சுயாட்சியின் பலன் இதுதான்.

ஆனாலும் கீழே இருப்பவரை விடுவிக்க மாநிலத்துக்கு முழு அதிகாரம் உண்டு. அதற்குச் சான்று இங்கேயே இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல், மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கும் பெண்களுக்கு மராட்டிய அரசு தொழில் வரியை நீக்கியது. ஒரே அறையில் வாழும் கணவன், மனைவி இருவரும் தலைக்கு 18,000 வாங்கினால், மனைவிக்கு வரி இல்லை, கணவனுக்கு 2,500. பெண்களுக்குத் தந்ததை நாம் மனதார வரவேற்கிறோம். அதையே எல்லோருக்கும் தாருங்கள் என்று கேட்கிறோம்.

2,500 ரூபாய் பெரிய பணமா என்று கேட்பவர்கள் நம் வீட்டு அடுக்களையை வந்து பார்க்கட்டும். பள்ளி திறக்கும் மாதத்தில் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் சீருடைக்கும் அந்தப் பணம் போதும்.

எனவே நம் கோரிக்கை இரண்டு. மாநில அரசிடம்: 25,000 ரூபாய் வரை ஆண், பெண் அனைவருக்கும் தொழில் வரி விலக்கு வேண்டும். நாடாளுமன்றத்திடம்: உச்சவரம்பை உயர்த்துங்கள், ஆனால் உயரும் பாரம் உயர்ந்த சம்பளக்காரர் மேல் மட்டுமே விழும்படி படிப்படியாக வையுங்கள். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் மாநிலத்துக்கும் நட்டம் இராது. முதலாவது இல்லாமல் இரண்டாவது மட்டும் வந்தால், அந்தச் சுமையும் நம் தலையில்தான் விடியும்.

இனி நாம் செய்ய வேண்டியது. சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தக்காரர் சிலர் பி.டி. என்று பிடித்துவிட்டு, அரசுக்குக் கட்டாமல் தம் பையில் போட்டுக் கொள்வதாக நம் உறுப்பினர்கள் சொல்கிறார்கள். சீட்டு இருந்தால்தான் நாம் கேட்க முடியும். சீட்டுகளைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்த்துக் கணக்கெடுத்து மனுவோடு இணைப்போம்.

கடைசியாக ஒன்று. நம்மில் பலர் பத்து, பதினைந்து ஆண்டுகளாக இங்கே உழைக்கிறோம். வாக்கு மட்டும் இன்னும் திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ இருக்கிறது. வரி கட்டுவது இங்கே, வாக்கு இருப்பது அங்கே. இந்த 200 ரூபாயைக் குறைக்கும் அதிகாரம் சென்னைக் கோட்டைக்கு இல்லை. மும்பை விதான் பவனில் இருக்கிறது. வாக்கில்லாதவன் மனுவுக்கு எந்தச் சட்டமன்ற உறுப்பினர் செவி சாய்ப்பார்? குடும்பத்தோடு இங்கேயே நிலைத்துவிட்டவர்கள் படிவம் 8 நிரப்பி வாக்கை இங்கே மாற்றிக் கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி தவறு. ஊர்ப் பாசம் வேறு, உரிமை வேறு. வாக்கை மாற்றிக் கொண்டதால் குலதெய்வம் கோபித்துக் கொள்ளாது.

அந்த இளைஞருக்கு நம் பதில் இதுதான்: தம்பி, உன் 200 ரூபாயை எடுப்பது நீ வெளியூர்க்காரன் என்பதால் அல்ல. ஆனால் அதைக் கேட்க உன்னிடம் வாக்கு இல்லாத வரை, நீ இந்த ஊரில் வெளியூர்க்காரன்தான். அந்த நிலையை மாற்றுவது நம் கையில் இருக்கிறது.