வியாபாரம் பிறவிக் குணமா? படிப்பா?



வியாபாரம், நிர்வாகம், சொந்தத் தொழில் துவக்குதல் ஆகியவைகளைச் சர்வகலாசாலைகளில் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். இதைக் கேட்டவுடனேயே சிலர், "வியாபாரத்தைப் புஸ்தகத்தில் படிக்க முடியுமா? அது ரத்தத்தில் ஊறியிருக்க வேண்டாமா?" என்று சொல்லிச் சிரிப்பார்கள். இந்த ரத்தப் பேச்சைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஏனென்றால் ஒருவனைப் பள்ளிக்கூடத்து வாசற்படியிலேயே நிறுத்தி வைப்பதற்கு இதைவிட மலிவான காரணம் வேறு கிடையாது.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்தினார்கள். பிறவி வியாபாரிகள் என்று ஊரெல்லாம் சொல்லப்பட்டவர்கள். அவர்கள் வீட்டுப் பையன் என்ன செய்தான்? சிறு வயதிலேயே கடைக்குப் போய்ப் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்தான். வட்டிக் கணக்குப் போடவும், பேரேடு எழுதவும், ஐந்தொகை எடுக்கவும் பழகினான். பிறகு அடுத்தாள் ஆனான். அதற்கும் பிறகுதான் ஏஜெண்டாகக் கடையைப் பார்த்தான். ரத்தத்திலேயே கணக்கு ஓடுமானால் பெட்டியடியில் வருஷக்கணக்காக ஏன் உட்கார வேண்டும்? அதே ரத்தம் அந்த வீட்டுப் பெண்ணிடமும் ஓடிற்றே, அவளை ஏன் ரங்கூன் கடைக்கு அனுப்பவில்லை? ஆகவே அது ரத்தமல்ல, பயிற்சி. நல்ல பயிற்சி என்றே சொல்லுவோம். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் வெளியார் வீட்டுப் பிள்ளைக்குப் பெட்டியடி கிடையாது.

1494-ல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பசியோலி என்ற கிறிஸ்தவச் சந்நியாசி, அங்குள்ள வியாபாரிகள் கையாண்டு வந்த இரட்டைப் பதிவுக் கணக்கு முறையைத் தம் கணித நூலில் விளக்கி அச்சுப் போட்டார். (சந்நியாசிகள் செய்த வேலைகளில் உலகத்துக்கு இவ்வளவு பயன்பட்டது அதிகமில்லை!) அச்சில் வந்த பிறகு அது வியாபாரி வீட்டு ரகசியமாயிருக்க முடியுமா? சர்வகலாசாலைப் படிப்பு அதற்கு அடுத்த படி. 1881-ல் ஜோசப் வார்ட்டன் என்ற முதலாளி கொடுத்த 1 லட்சம் டாலரைக் கொண்டு பென்சில்வேனியா சர்வகலாசாலையிலும், 1908-ல் ஹார்வர்டிலும், 1913-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியிலும் இப்படிப்பு துவங்கிற்று. அமெரிக்காவிலும் கதவு தானாகத் திறந்துவிடவில்லை. ஹார்வர்டின் இரண்டு வருஷப் படிப்பில் முதல் வருஷத்திலிருந்தே பெண்கள் சேருவதற்கு 1963 வரையில், அதாவது 55 வருஷம், காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் 1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் பொதுஜனங்கள் பணத்தைக் கொண்டு நிர்வாகப் படிப்பு ஸ்தாபனங்கள் ஏற்பட்டன. திருச்சிக்கு 2011-ல்தான் வந்தது. பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 27 சதவிகிதம் என்று 2006-ல் சட்டம் செய்து, அது சுப்ரீம் கோர்ட் வரை போய், 2008-ல்தான் நிலைத்தது. ஆசிரியர் நியமனத்திலும் ஒதுக்கீடு வேண்டுமென்று 2019-ல் சட்டம் வந்தபோது, இந்த ஸ்தாபனங்கள் தங்களுக்கு விலக்கு வேண்டுமென்று சர்க்காரைக் கேட்டன. ஆராய்ச்சிப் பட்ட வகுப்பில் ஒதுக்கீடு கொடுப்பதற்கு ஆமதாபாத் ஸ்தாபனம் 2025-ஆம் வருஷச் சேர்க்கையைத்தான் நாள் குறித்தது. கேட்டால் "தகுதி" என்கிறார்கள். ஊரிலுள்ள கம்பெனிகளுக்கெல்லாம் தகுதியான ஆளைத் தேடிப் பிடிப்பது எப்படி என்று பாடம் நடத்துகிறவர்களுக்கு, தங்கள் வகுப்புக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை என்றால், அந்தப் பாடத்தின் யோக்கியதை என்ன என்று கேட்கிறோம்.

சம்பளச் சங்கதி இன்னும் வேடிக்கையானது. ஆமதாபாத்தில் இரண்டு வருஷத்துக்கு 20 லட்ச ரூபாய்க்கு மேல் ஆகிறது. சலுகையும் உதவிச் சம்பளமும் சிலருக்கு உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் கடன் வாங்கிப் படித்தவன், பாடத்தில் "துணிந்து சொந்தத் தொழில் துவக்கு" என்று இருந்தாலும், வெளியே வந்ததும் பாங்கிக்குத் தவணை கட்ட மாதச் சம்பள வேலையைத்தானே தேடுவான்? தகப்பன் கடையும் மாமன் பணமும் இருக்கிறவன் ஒரு தரம் தோற்றால் மறுதரம் துவக்கலாம். கூலிக்காரன் மகன் ஒரு தரம் தோற்றால் வீடு போய்விடும். துணிச்சல் என்று பாடத்தில் எழுதியிருப்பது பெரும்பாலும் கைமுதல்தான்.

ஆகையால் படிப்போடு முதலும் சேர்ந்து வரவேண்டும். நம் மாகாண சர்க்கார் 2023-ல் ஏற்படுத்திய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், ஆதிதிராவிட, பழங்குடித் தோழர்கள் துவக்கும் தொழிலுக்கு மூலதனத்தில் 35 சதவிகிதம் மானியமுண்டு. இதைப் போன்ற உதவிகளுக்கு மனு எழுதுவதும், செலவு வரவுத் திட்டம் போடுவதும், பாங்கி ஏஜெண்டின் கேள்விக்குப் பதில் சொல்லுவதும் சர்க்கார் கலைக் கல்லூரிகளின் வணிக வகுப்பில் பரீட்சைப் பாடமாக வேண்டும். இக்கூட்டத்தில் பி.காம்., பி.பி.ஏ. வாசிக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். இது அதில் இல்லையானால், உங்கள் பிரின்ஸ்பாலுக்கும் சர்வகலாசாலைக்கும் இந்த வாரமே கையெழுத்திட்டு மனு அனுப்புங்கள்.