நிழலை அளந்து பார்ப்போம்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வெயிலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "கறுத்துப் போவதைப் பற்றியா?" என்று சிரித்தார் பக்கத்து இருக்கை ஆசிரியை. இல்லை டீச்சர். நம் தோலின் கருமை, மெலனின் என்னும் நிறமி தரும் காப்பு. அந்தக் காப்பு இல்லாமல் பிறந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி. வெளுத்த தோல், வெளிறிய முடி, ஓரிடத்தில் நிலைக்காத விழிகள். அல்பினிசம். பிறவியிலேயே வருவது, தொற்றாது, வெண்புள்ளியும் அல்ல. பி.எட். படித்த காலத்தில் இதைப் பற்றி நான் ஒரு வரிகூடப் படித்ததில்லை.

சுதந்திர தின ஒத்திகைக்கு முற்பகல் 11 மணிக்கு எல்லோரோடும் அவளையும் திடலில் நிறுத்தினேன். மேகமூட்டமாகத்தானே இருக்கிறது என்ற நினைப்பு. புற ஊதாக் கதிர் மேகத்தைத் தாண்டியும் வரும். மறுநாள் அவள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். கழுத்தும் கைகளும் சிவந்து கொப்பளித்திருந்தன. அவள் அம்மா, "உங்களுக்குத் தெரியாதுல்ல டீச்சர்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்து இன்னொரு தவறு செய்தேன். விளையாட்டு வேளையில் அவளை வகுப்பறையிலேயே உட்கார வைத்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கோ-கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் கேட்டாள்: "நான் என்ன மிஸ் தப்பு பண்ணேன்?"

தலைமையாசிரியரிடம் பேசி, விளையாட்டைக் கடைசிப் பாடவேளைக்கு மாற்றினோம். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் கடுமை என்று பொருள். இப்போது பிள்ளைகளே நிழலை அளந்த பிறகுதான் திடலில் இறங்குகிறார்கள். அறிவியல் பாடமும் ஆயிற்று!

அவளுக்கு நெருக்கமாக நெய்த துணியில் முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி. மருத்துவர் எஸ்.பி.எஃப். 30 களிம்பு எழுதித் தந்தார்; வெளியே இருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். கூலி வேலை செய்யும் வீட்டில் எத்தனை குழாய் வாங்க முடியும்? அதனால்தான் நிழலையும் துணியையும் முதலில் சொல்கிறேன். வெயிலால் வரும் தோல் புற்றுநோய்க்கு இந்தப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், ஆறாத புண் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். பார்வையும் மங்கல், முன் இருக்கை கொடுங்கள், கண் கூசும் ஜன்னலோரம் வேண்டாம்.

இந்த ஆண்டு ஒத்திகையை எல்லோருக்குமே காலை 9 மணிக்குள் முடித்துவிட்டோம். முன்வரிசையில், தொப்பியோடு நின்றாள்.