உலைக்கு முன்னால் யார் நிற்பது?

(ஏலகிரி மலையில் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்த கொல்லுவேலைப் பயிற்சியின் கடைசி நாளில் பேசியது. பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்கு மேடைப் பேச்சு வராது. எட்டு வாரமா ஒரே கரிப்புகையில் நின்றவர்கள் நாம். அதனால் உட்கார்ந்தே பேசுகிறேன்.

மூன்றாவது வாரம் ஒரு தம்பி கேட்டான். "அண்ணே, தோல் ஷெட்டுல செத்து சுண்ணாம்பாகி எங்கப்பா என்னைக் காலேஜுக்கு அனுப்பினாரு. நீங்க பொன்னேரியில இருந்து பதினாலு வளைவு ஏத்திக் கூட்டிவந்து கையில சுத்தியலக் குடுக்கிறீங்க. இது குலக்கல்வி இல்லாம வேற என்ன?" அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. அவன் கேட்டது சும்மா மடக்குவதற்கான கேள்வி இல்லை. அது அவன் பயம். நியாயமான பயம். இன்றைக்கு அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

1953ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது ஒரு கல்வித் திட்டம் வந்தது. பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். பெரியாரும் திராவிட இயக்கமும் 'குலக்கல்வி' என்று அதற்குப் பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் ஒழிந்தது. வக்கீல் பிள்ளை மத்தியானத்தில் சட்டப் புத்தகம் புரட்டும். நம் பிள்ளை மத்தியானத்தில் தோல் சுமக்கும். அந்தத் திட்டத்தின் கணக்கு அவ்வளவுதான்.

எழுபது வருஷம் கழித்து அதே சண்டை திரும்ப வந்தது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள். கொல்லர், சுத்தியலும் கருவிகளும் செய்பவர், காலணி தைப்பவர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பயிற்சிக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் குடும்பம் பரம்பரையாக அந்தத் தொழில் செய்திருக்க வேண்டும் என்றார்கள். வயது 18 ஆனால் போதும் என்றார்கள். 18 வயது என்பது பிள்ளை கல்லூரி வாசலில் நிற்கிற வயது. குடும்பத்தொழில் நிபந்தனையை எடுங்கள், வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. அது நடக்காததால், இந்த வடிவத்தில் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் கடிதம் எழுதியது. 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் 25 தொழில்கள், சாதி பார்ப்பதில்லை, 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அந்த எதிர்ப்பு சரி. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் தம்பி, நம்ம கதையில் ஒரு வித்தியாசம் இருக்கு. நம்ம குலத்துக்கு எழுதி வைத்தது தோலும் பறையும் சேறும்தான். இரும்பு நமக்கு எழுதப்படவே இல்லை.

எங்கப்பா ஆம்பூர்ப் பக்கம் தோல் ஷெட்டில் சதை சீவுகிற வேலை பார்த்தார். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலைச் சாய்ந்த மரத்தின்மேல் விரித்துப் போட்டு, இரண்டு பக்கமும் பிடி உள்ள வளைந்த கத்தியால் சதையை வழிக்க வேண்டும். கத்தி மழுங்கினால் கொல்லுப்பட்டறைக்குப் போவார். சின்னப் பையனா நானும் கூடப் போயிருக்கேன். பட்டறைக்குள் போகமாட்டார். வாசலில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெயிலில் நிற்பார். ஆசாரி வீட்டுப் பத்து வயசுப் பையன் வந்து "டேய், என்னடா வேணும்?" என்பான். அப்பாவுக்கு அப்போ நாற்பது வயசு. கத்தி எங்கள் வீட்டுச் சோறு. அந்தச் சோற்றைக் கூர் பண்ணுகிற வித்தை மட்டும் வாசற்படிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

பிறகு நான் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவுக்குப் போனேன். பெயர் வேண்டாம். தோல்மேல் இரும்பு டையை வைத்து மெஷினால் அழுத்தினால் மேல்பாகம் வெட்டி விழும். ஒருநாள் டையின் வாய் மடங்கிவிட்டது. அரை நாள் வேலை நின்றது. டை செய்கிறவர் வந்தார். மேனேஜர் நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் இருபது நிமிஷம் அரத்தால் ராவினார், கல்லில் தீட்டினார், காசு வாங்கிக்கொண்டு போனார். நின்ற அரை நாளுக்கு எங்கள் கூலியில் பிடித்தார்கள். அன்றைக்கு உறைத்தது. கருவியைப் பிடிப்பவன் வேறு, கருவியைச் செய்பவன் வேறு. சாதி வேலையைப் பங்குபோட்டதோடு நிற்கவில்லை, வேலைசெய்கிற மனிதர்களையே படிபடியாக அடுக்கியது என்று அம்பேத்கர் 1936ல் வாதிட்டார். அதை நான் புத்தகத்தில் படித்தது பிற்பாடு. முதலில் பார்த்தது அந்த நாற்காலியில்.

இந்தப் பயிற்சிக்கு ஆசிரியர் தேடினபோது கீழே இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். மூன்றாவதாக இந்தப் பெரியவர் வந்தார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கடையில் மண்வெட்டி மலிவாகக் கிடைக்கிறது. அவர் பட்டறை மூடி வருஷக்கணக்காகிறது. மகன் கார் ஓட்டப் போய்விட்டான். நாள்கூலி பேசித்தான் அழைத்து வந்தோம். முதல் நாள் என்ன சொன்னார்? "காத்தாடி சுத்துங்க, சம்மட்டி அடிங்க, உலைக்குள்ள மட்டும் யாரும் கொறடு விடக்கூடாது. அதுக்கு ஒரு சுத்தம் இருக்கு." நாம் சண்டை போடவில்லை. கும்பிடவும் இல்லை. வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். சாயங்காலம் பேசின கூலியைக் கொடுத்து அனுப்பினோம். அடுத்த வாரம் வருவாரா என்று தெரியாது. வந்தார். தீ மூட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, காத்தாடி சுற்றிக்கொண்டிருந்த தங்கச்சியைக் கூப்பிட்டு, "எனக்குத் தோள் வலிக்குது, நீ புடிம்மா" என்று கொறட்டை நீட்டினார். அவ்வளவுதான். சாதி ஒழிந்த கதை என்று இதை யாரும் எழுதிவிடாதீர்கள். அவர் வீட்டில் நாம் இன்னும் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனால் அந்தக் கொறடு அப்புறம் பதினேழு கைகளுக்கு மாறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் கல்வி தொடங்கியது. நான் லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துத் தோல் கத்தி செய்தேன். செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினேன். 'டிங்' என்று ஒரு சத்தம். நடுவில் விரிசல். இரண்டு நாள் உழைப்பு போச்சு. பெரியவர் சிரித்தார். "பட்டை இரும்பு தண்ணி தாங்காது, எண்ணெய்தான்." ஏன் என்று கேட்டால் "அது அப்படித்தான்" என்றார். வேதியியல் படிக்கிற தம்பி விளக்கினான்: ஸ்பிரிங் எஃகில் கரியும் குரோமியம் போன்ற கலப்பும் இருக்கிறது, அது மெதுவாகக் குளிர்ந்தாலே இறுகிவிடும், தண்ணீர் வெடுக்கென்று குளிர்விப்பதால் உள்ளே இழுவை ஏற்பட்டு வெடிக்கிறது. கட்டடக் கம்பியில் கரி குறைவு, அதை எத்தனை தரம் முக்கினாலும் கத்தியாகாது. காந்தம் ஒட்டாமல் போகிற வெப்பம் ஏறத்தாழ 770 டிகிரி, அதையும் கொஞ்சம் தாண்டினால்தான் முக்கும் பதம். ஆனால் அந்தத் தம்பிக்கு அந்தச் சிவப்பைக் கண்ணால் பிடிக்கத் தெரியவில்லை. பெரியவர் நிழலில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

முக்கி எடுத்த கத்தி கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் உடையும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி இளஞ்சூட்டில் காட்ட வேண்டும். முதலில் வைக்கோல் நிறம் ஓடும், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம். வைக்கோல் நிறம் ஏறத்தாழ 230 டிகிரி. தோல் அறுக்கும் கத்திக்கு அங்கே நிறுத்தணும். அடி வாங்குகிற உளிக்கு ஊதா வரை விடணும். பெரியவருக்கு நிறம் தெரியும், தம்பிக்குக் காரணம் தெரியும். இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் சேரவிடாமல் வைத்திருந்ததுதான் சாதி. கையை ஒரு பக்கம் வைத்தது, ஏட்டை இன்னொரு பக்கம் வைத்தது.

இங்கிருந்து மயிலாடும்பாறை ரொம்பத் தூரமில்லை, கிருஷ்ணகிரி மாவட்டம். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் வந்த அறிக்கை சிவகளையை வைத்து கி.மு. 3345 வரை கொண்டுபோனது. எல்லாரும் பெருமைப்பட்டார்கள். நானும்தான். ஆனால் 'தமிழர் இரும்பு' என்று தலைப்புப் போடும்போது ஒரு கேள்வி கேட்கத் தோணுது. எங்கப்பா வாசலில் நின்றாரே, அவரும் அந்தத் தமிழரில் சேர்த்தியா?

இந்தக் கேள்வியோடு அமெரிக்கக் கறுப்பர்களும் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அடிமையாகப் பிறந்த புக்கர் வாஷிங்டன் 1881ல் டஸ்கீகியில் பள்ளி தொடங்கினார். மாணவர்களே செங்கல் அறுத்தார்கள், கட்டடம் கட்டினார்கள், கொல்லுவேலை படித்தார்கள். டு பாய்ஸ் 1903ல் அவரைக் கடுமையாக விமர்சித்தார். கைத்தொழில் கூடாது என்பதல்ல அவர் வாதம். கைத்தொழிலைக் கொடுத்துவிட்டு அதற்கு விலையாக ஓட்டுரிமையையும் குடியுரிமையையும் உயர்கல்வியையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறாயே என்பதுதான். நமக்கும் அளவுகோல் இதுதான்.

ஆக, தம்பிக்கு என் பதில். வேலை குலக்கல்வி ஆவது சுத்தியலால் இல்லை. மூன்று விஷயத்தால். ஒன்று, இன்ன சாதிக்கு இன்ன வேலை என்று வேறொருவன் முடிவுசெய்வது. இரண்டு, அதைப் படிக்கிறபோது பள்ளிக்கூடத்தைப் பறிப்பது. மூன்று, வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போக முடியாமல் கட்டிப்போடுவது. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் கற்றுக்கொள். ஒன்று இருந்தாலும் எழுந்து போ. இங்கே வந்த யாரும் கல்லூரியை ஒரு நாள்கூட விடவில்லை. நடுவில் விட்டுப்போன நாலு பேரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

கொல்லன் ஆகுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களில் ஒருத்தர் டை செய்யப் போகலாம், ஒருத்தர் உலோகவியல் படிக்கலாம், ஒருத்தர் வக்கீலாகி இந்தக் கைச்சூட்டுத் தழும்போடு வழக்காடலாம். எதுவானாலும், ஒரு கருவி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்த ஆளை வாசலில் நிறுத்துவது கஷ்டம்.

கடைசியா ஒன்று. கேள்வி கேட்ட அந்தத் தம்பி போன வாரம் ஒரு கத்தி முடித்தான். சதை சீவுகிற கத்தி, இரண்டு பக்கமும் பிடி. வாய் கொஞ்சம் கோணல்தான். இப்போதெல்லாம் அந்த வேலையை மெஷின் செய்கிறது, இதை என்ன பண்ணப்போறேன்னு கேட்டேன். "எங்கப்பாகிட்ட காட்டணும்ணே" என்றான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

உலை இன்னும் அணையவில்லை. மீதிக் கரி இருக்கிறது. களைக்கொத்து பாதியில் நிற்பவர்கள் முடித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

ஜெய் பீம்.