பிராகு நகரின் பழைய சதுக்கம்



நான் பார்த்துவந்த பிராகு நகரைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் பணித்தார்கள். செக் நாட்டின் தலைநகர் அது. அதன் நடுவிலுள்ள பழைய நகரச் சதுக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

அங்கே எல்லாரும் முதலில் கூடுவது நகரமன்றத்து மணிக்கூண்டின் கீழே. 1410-இல் செய்த கடிகாரம். மணிதோறும் ஓர் எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்க, மேலே இரண்டு சன்னல்களில் அப்போஸ்தலர்கள் பன்னிருவரும் வரிசையாய் வந்து போவார்கள். படம் பிடித்ததும் கூட்டம் கலைந்துவிடும். நீங்கள் போனால் கலையாதீர்கள். சுவரைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் வந்து தரையைப் பாருங்கள். 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள்.

கத்தோலிக்கரான பேரரசர் இரண்டாம் பெர்டினாந்தை எதிர்த்தெழுந்த பொகேமியர், 1620-இல் வெள்ளைமலைப் போரில் தோற்றார்கள். 1621 ஜூன் 21-ஆம் நாள் அவர்களுடைய தலைவர்கள் 27 பேர் இங்கே கொல்லப்பட்டனர். 24 பேருக்குச் சிரச்சேதம், மூவருக்குத் தூக்கு. பன்னிரண்டு தலைகளைப் பாலத்துக் கோபுரத்தில் மாட்டிவைத்தார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் பிரிந்த சகோதரர்கள், ஒருவர் கத்தோலிக்கர். கிளர்ச்சிக்குத் தண்டனை என்று அரசர் சொல்லலாம். வேதத்துக்காக என்றே மக்கள் நினைவில் வைத்தார்கள்.

சதுக்கத்தில் பெரிய சிலையாய் நிற்பவர் ஜான் ஹஸ் என்னும் குரு. கான்ஸ்டன்சு பொதுச்சங்கம் பதிதர் என்று தீர்ப்பிட, 1415 ஜூலை 6-இல் உயிரோடு எரிக்கப்பட்டவர். ஐந்நூறாம் ஆண்டான 1915-இல் சிலை வைத்தார்கள். அவருடைய கொடிய மரணத்துக்காகத் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1999 டிசம்பரில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்.

அச்சிலைக்கு அருகிலேதான் தேவமாதா சுரூபம் தாங்கிய தூண். 1648-இல் ஆற்றின் அக்கரையைப் பிடித்த சுவீடன் படையால் இக்கரையைப் பிடிக்க முடியவில்லை. அதற்கு நன்றியாக 1650-இல் எழுப்பினார்கள். ஆனால் நாடு விடுதலை பெற்ற ஆறாம் நாள், 1918 நவம்பர் 3-இல், வெள்ளைமலையிலிருந்து வந்த கூட்டம் கயிறு கட்டி அதைச் சாய்த்துவிட்டது. அந்தப் போரின் வெற்றித்தூண் என்றே எண்ணினார்கள். மாதாவுக்கும் அந்த வெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நமக்குக் கேட்கத் தோன்றும். சிலுவைகளைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அவ்வளவு எளிதாய்க் கேட்க வாய் வரவில்லை.

திரும்ப நிறுத்துவதற்கும் நகர மன்றத்தில் நெடுநாள் வாதம். 2017-இல் மறுத்தார்கள்; 2020-இல் இசைந்தார்கள். அவ்வாண்டே பழைய இடத்தில் புதிய தூண் எழுந்தது. அந்நாளில் தூணின் நிழலைப் பார்த்தே நகரத்தார் உச்சிப்பொழுதை அறிவார்களாம். அதற்கான கோடு தரையில் இருக்கிறது. வெயில் அடித்தால் நிழல் இப்போது மறுபடி அதன்மேல் விழுகிறது.