தேடாமற் கிடைத்தவை

திருகோணமலையில் 1950ஆம் ஆண்டிலே கிணறு ஒன்று தோண்டப்பட்டது. தோண்டியவர் நாடியது தண்ணீர். மண்வெட்டிக்குத் தட்டுப்பட்டவையோ வெண்கலத் திருவுருவங்கள். 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த காலத்தில் அன்பர்கள் அவற்றை மண்ணுள் மறைத்திருத்தல் வேண்டும் என்பர். தண்ணீருக்கு வந்தோம், இது நமக்கெதற்கு என்று தொழிலாளர் குழியை மூடிச் சென்றிருப்பின், அவ்வுருவங்கள் மீண்டும் வழிபாட்டுக்கு வந்திரா.

இத்தகைய அகழ்வு ஒன்று இன்றைய வைத்தியசாலைகளிலும் நாள்தோறும் நிகழ்கின்றது. இதயத்தைச் சூழ்ந்த முடியுரு நாடிகளில் அடைப்பு உண்டோ என அறியச் செய்யப்படும் சி.ரி. ஸ்கான் பரிசோதனையே அது. தேடுவது நாடியின் அடைப்பு. கண்ணிற் படுவதோ சில வேளைகளில் வேறொன்று.

எக்ஸ் கதிர்களைப் பல கோணங்களிலிருந்து செலுத்தி, கணினியின் துணையால் உடலைக் குறுக்கே அரிந்து பார்த்தாற் போன்ற படங்களைப் பெறும் இம்முறையை உருவாக்கியவர் ஆங்கிலப் பொறியியலாளர் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட். 1971 ஒக்டோபரில் இலண்டனில் ஒரு நோயாளியின் தலை முதன்முதலாக இவ்வாறு படமாயிற்று. 1979இல் அலன் கோமக் என்பாருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அசையாத தலைக்கே அக்காலத்தில் நெடுநேரம் வேண்டியிருந்தது. இன்றோ, நாளத்தில் அயடீன் அடங்கிய மருந்தைச் செலுத்தி, மூச்சைச் சற்றே அடக்கச் சொல்லி, துடிப்புக்குத் துடிப்பு இடையிலுள்ள அமைதிக் கணத்தில் இதயத்தையே படமாக்கிவிடுகின்றனர்.

ஆனால் இதயம் அயலவர் எவருமின்றித் தனித்து வாழும் உறுப்பன்று. இருமருங்கும் சுவாசப்பைகள், பின்னே உணவுக்குழாயும் பெருநாடியும் முள்ளந்தண்டும், கீழே பிரிமென்றகடும் ஈரலின் மேற்பகுதியும். இதயத்தைப் படமெடுக்கும் கதிர் இவற்றையும் ஊடுருவியே செல்கின்றது. ஆதலால் இவற்றின் நிழலும் படத்தில் விழுகின்றது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒருங்கே நோக்கின், இப்பரிசோதனைக்கு உட்பட்ட 10 பேரில் ஏறத்தாழ 4 பேரிடம் இதயத்துக்குப் புறம்பான ஏதேனும் ஒன்று தென்பட்டுள்ளது. பெரும்பாலானவை ஈரலில் உள்ள சிறு நீர்க்கட்டி, ஆறிய பழைய தழும்பு போன்ற தீங்கற்றவை. புற்றுநோயென உறுதியானவை 100இல் ஒன்றுக்கும் குறைவே. எனினும் அந்த ஒன்றுக்கு உரியவருக்கு அது முழு வாழ்வு அல்லவா?

சில வேளைகளில் தேடாமற் கிடைத்ததே தேடிய வினாவுக்கு விடையாகிவிடுகின்றது. நெஞ்சு நோகின்றது என்று வந்தவரின் நாடிகள் யாவும் தெளிவாயிருக்கும். இரைப்பையின் ஒரு பகுதி பிரிமென்றகட்டின் துவாரத்தினூடே நெஞ்சறைக்குள் ஏறியிருப்பதைப் படம் காட்டும். நோவின் காரணம் அதுவாகவும் இருத்தல் கூடும். சுவாசப்பைக் குருதிக்குழாயிற் சிக்கிய இரத்தக்கட்டியும், பெருநாடியின் வீக்கமும் இவ்வாறே வெளிப்பட்டு, உயிர் காக்கும் சிகிச்சைக்கு வழிகாட்டியதுண்டு.

மிகுதியும் மனக்கலக்கம் விளைவிப்பது சுவாசப்பையிற் காணப்படும் சிறு கணு. துறைமுகத்திலே சுமை தூக்கி உழைத்து, நாற்பதாண்டு சுருட்டும் பீடியும் புகைத்த ஒருவரை எண்ணிக்கொள்வோம். இதயப் பரிசோதனையின் அறிக்கையில், இடப்பக்கச் சுவாசப்பையில் 7 மில்லிமீற்றர் அளவான கணு ஒன்று உண்டு என்று கடைசி வரியில் எழுதப்பட்டிருக்கின்றது. வீட்டில் ஒருவர் அதனை வாசித்ததும் அடுப்பு எரியாது, உற்றார் திரண்டுவிடுவர். மற்றொரு வீட்டிலோ இதயத்துக்குக் குறையில்லை என்ற முதல் வரியோடு மகிழ்ந்து அறிக்கையை மடித்து வைத்துவிடுவர். இவ்விரண்டிலும் பின்னையதே கொடியது. அஞ்சியவர் எப்படியும் வைத்தியரிடம் செல்வார். மடித்து வைத்தவர் செல்லமாட்டார்.

உண்மையில் இத்தகைய கணுக்களைக் கையாளுதற்குத் தெளிந்த வழிமுறைகள் உள. பிளைஷ்னர் சங்கம் எனப்படும் நெஞ்சுக் கதிரியக்க வல்லுநர் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிகளின்படி, இதயப் படம்போல நெஞ்சின் ஒரு பகுதியை மட்டுங் காட்டும் படத்தில் 6 மில்லிமீற்றருக்குக் குறைந்த கணு தென்பட்டால், பெரும்பாலும் மேற்கொண்டு சோதனை வேண்டியதில்லை. 6 முதல் 8 வரையாயின், நோயாளியின் நிலைக்கேற்ப 3 முதல் 12 மாதங்களுள் முழு நெஞ்சையும் படமெடுத்தல் வேண்டும். அதற்கு மேற்பட்டதாயின், அல்லது தோற்றமே ஐயத்துக்கு இடமளிப்பின், காலந் தாழ்த்தாது முழு நெஞ்சுப் படம் எடுக்கப்படும். முன்னரே புற்றுநோய் கண்டவர்க்கும், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்க்கும் இவ்வளவைகள் பொருந்தா. நம் நாட்டில் கவனிக்கற்பாலது இன்னொன்று: காசநோய் வந்து ஆறியவரின் சுவாசப்பையில் சுண்ணாம்பு படிந்த தழும்புகள் ஆயுள் முழுதும் நிற்கும். மேனாட்டு நூலிற் புற்றுநோய் என்று ஐயுறத்தக்க நிழல், இங்கே இளமைக்கால நோயொன்றின் அடையாளமாயிருத்தல் அரிதன்று.

அப்படியானால் கண்டவற்றையெல்லாம் துருவித் துருவி ஆராய்வதே நலமென்று எண்ணுதலும் தவறு. ஒவ்வொரு ஸ்கானும் உடலிற் சிறிதளவு கதிர்வீச்சைச் சேர்க்கின்றது. ஊசியிட்டுத் திசு எடுக்கையிற் சுவாசப்பையிலிருந்து காற்றுக் கசிதலும் உண்டு. தீங்கற்ற தழும்புக்காக இத்துன்பங்களை ஏற்பதா என்று கேட்கும் வல்லுநர் சிலர், இதயத்தை மட்டும் காட்டும் குறுகிய பரப்பைப் பார்த்தாற் போதும் என்றும் வாதிட்டனர். படம் எடுத்த பின்னர் அதன் ஓரத்தைப் பாராதிருப்பது எவ்வாறு நேர்மையாகும் என்பது மறுதரப்பார் வினா. மறுதரப்பார் கூற்றே வலியுடையது. பார்ப்பது கடமை, பார்த்ததையெல்லாம் குத்திப் பார்ப்பது கடமையன்று.

இங்கேதான் பழைய எக்ஸ்ரே படங்களுக்கும் ஸ்கான் படங்களுக்கும் மதிப்பு உண்டாகின்றது. திண்மையான கணு ஒன்று இரண்டாண்டுகள் அளவு மாறாதிருந்தால், அது பெரும்பாலும் தீங்கற்றதென வைத்தியர் கொள்வர். மூடுபனி போன்று மங்கலாகத் தோன்றும் கணுக்களை ஐந்தாண்டு வரையும் கவனிப்பர். அலுமாரியின் பின்னாற் செருகப்பட்டுத் தூசி படிந்த பழைய படம் ஒன்று, புதிய பரிசோதனை ஒன்றையே தேவையற்றதாக்கக் கூடும். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அங்கே சென்று பரிசோதனை செய்துகொள்பவர் மீள்கையில், அறிக்கையின் பிரதி ஒன்றும், படங்கள் அடங்கிய இறுவட்டும் கைப்பையில் இருத்தல் வேண்டும். ஊர் வைத்தியசாலைக்குச் செல்லும் நாளில் அவற்றைக் கிளினிக் கொப்பியோடு கொண்டுசென்று, இதயத்தைத் தவிர வேறு ஏதேனும் எழுதியிருக்கின்றதா, அடுத்த படம் எந்த மாதம் எடுக்க வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியைக் கொப்பியிலேயே எழுதுவித்துக்கொள்ளலாம்.