வலிக்குப் பெயர் கிடைக்க ஒன்பது ஆண்டுகள்

(குடும்ப ஒன்றுகூடல் நிகழ்வில் தாயார் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. தொழிற்சாலையில் 21 வருடம் வேலை செய்தவள் நான். மகளிர் பிரிவுத் தங்கைகள், "அக்கா, உங்க மக கதையைச் சொன்னாலே போதும்" என்றார்கள். மகளிடம் கேட்டேன். "என் பேரைச் சொல்லாம சொல்லுங்கம்மா" என்றாள். ஆகவே பெயர் சொல்லமாட்டேன். ஆண்கள் எழுந்து போக வேண்டாம். இது வீட்டுக்குத் தூரமாகும் விஷயம்தான், ஆனால் உங்கள் மகளும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

படிவம் ஒன்று படிக்கும்போது, 13 வயதில் அவளுக்கு வலி தொடங்கியது. மாதம் மூன்று நாள் பாயில் சுருண்டு கிடப்பாள், வாந்தி எடுப்பாள். நான் வெந்தயம் கொடுத்தேன், பெருங்காயம் கொடுத்தேன், போன்ஸ்டான் மாத்திரை கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்று ஒரு நாள் கையும் ஓங்கினேன். அதை இங்கே சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சுக்கே அர்த்தமில்லை.

ஏன் அப்படிச் செய்தேன்? எனக்கும் அந்த வலி இருந்தது. என் அம்மாவுக்கும் இருந்தது. அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காலையில் பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது. டிரசரிடம் போனால் எல்லா நோவுக்கும் ஒரே மாத்திரைதான். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மரம் வெட்டினார். பொம்பளைப் பிள்ளை என்றால் பொறுக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னார். அதையே நான் என் மகளுக்குச் சொன்னேன். மூன்று தலைமுறைக்கு வலி இருந்தால் அது குடும்ப வாகு என்று நாங்கள் நினைத்தோம். தாய்க்கோ கூடப் பிறந்தவளுக்கோ இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகமுள்ள ஒரு நோய் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எஸ்.பி.எம். முடித்து அவளும் தொழிற்சாலைக்குப் போனாள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், நின்றுகொண்டே வேலை. வலி வந்தால் பேனல் கிளினிக். அங்கே டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். இவள் "சாக்கிட் பெருட்" என்பாள், அவர் கேஸ்ட்ரிக் மருந்து எழுதுவார். இன்னொரு நாள் "செங்குகுட்" என்றாள். அது எல்லாப் பெண்ணுக்கும் வருவது, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். வேறொரு கிளினிக்கில் சிறுநீர்க் கிருமி என்றார்கள். எம்.சி. எடுத்தால் அந்த மாதம் முழு வருகை அலவன்ஸ் போய்விடும். சூப்பர்வைசர், "உங்க ஆளுங்களே இப்படித்தான்" என்று சொல்லிச் சிரிப்பானாம். அவள் வலியை மறைக்கப் பழகிவிட்டாள்.

மாற்றம் எங்கே வந்தது தெரியுமா? ஒரு நோட்டுப் புத்தகத்தில். எங்கள் சின்னவன் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொடுத்து, "அக்கா, எல்லாத்தையும் எழுது, நான் மலாயில் மாத்தித் தர்றேன்" என்றான். எந்தத் தேதி, எத்தனை நாள், எங்கே வலி, எத்தனை பேட், எந்த மாத்திரை, கேட்டதா இல்லையா, வேலைக்குப் போக முடிந்ததா. நான்கு மாதம் எழுதினாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, அந்த நாட்களில் வெளிக்குப் போகும்போதும் அவளுக்கு உயிர் போகிற வலி என்று. பெற்ற தாயிடம் சொல்ல வெட்கப்பட்டதைத் தாளில் எழுதியிருந்தாள்.

அந்த நோட்டோடு அரசாங்கக் கிளினிக்குப் போனோம். 1 வெள்ளிதான் கட்டணம். இளம் டாக்டர் ஒருவர் பக்கம் பக்கமாகப் படித்தார். அம்மாவுக்கு இருந்ததா, பாட்டிக்கு இருந்ததா என்று கேட்டார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். தேதி கிடைக்க நான்கு மாதம் ஆனது. கல்யாணமாகாத பெண் என்பதால் வயிற்றின் மேலேயே ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை, எல்லாம் நார்மல் என்றார்கள்.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் நிறையப் பேர் திரும்பி வந்துவிடுகிறோம். நார்மல் என்றால் நோயில்லை என்று நினைக்கிறோம். அப்புறம் கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டுகிறோம். நானும் கட்டினேன், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த நோய் ஸ்கேனில் தெரியாமலும் இருக்கலாம். மகள்தான் மறுபடியும் போய்க் கேட்டாள்: "ஸ்கேன் நார்மல், சரி. என் வலி நார்மல் இல்லையே. அடுத்து என்ன பார்ப்பீர்கள்?" அன்று அவள் குரல் நடுங்கியது, ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை.

சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்புறத்தில் இருக்கும் சவ்வைப் போன்ற திசு, வெளியே சூலகத்திலும் குடலிலும் ஒட்டி வளர்கிறது. அதனால் வீக்கம், தழும்பு, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது எல்லாம் வருகிறது. அது புற்றுநோய் இல்லை. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய 10 விழுக்காட்டினருக்கு, 190 மில்லியன் பேருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. என் மகளுக்கு அந்தப் பெயர் கிடைத்தபோது வயது 22. அன்று காரில் அவள் அழுதாள். நோய் வந்ததற்காக அழவில்லை. "நான் பொய் சொல்லலைன்னு இப்ப நம்புறீங்களாம்மா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பூரணமாகக் குணமாக்கும் மருந்து இதற்கு இல்லை. ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாள், வலி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. சில மாதம் இன்னும் கஷ்டம்தான். பிள்ளை பிறக்குமா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். சிலருக்குத் தாமதமாகலாம், பலர் பெற்றிருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். அதைவிட அதிகம் நான் சொல்லப் போவதில்லை.

மாத வலியெல்லாம் இந்த நோய் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். மாத்திரைக்கும் அடங்காமல், பள்ளியையும் வேலையையும் நிறுத்தும் வலி என்றால் விடாதீர்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். துணைக்கு ஆள் வரலாமா என்று கேட்கலாம். மலாய் வராவிட்டால் பேசத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள். எம்.சி.யைப் பொறுத்தவரை, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி ஐந்து வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுமுறை உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைவு என்றால் 14 நாள், இடைப்பட்டவர்களுக்கு 18. அது யாரும் போடும் பிச்சை இல்லை.

சின்னவன் அந்த நோட்டின் கட்டங்களைத் தமிழிலும் மலாயிலும் ஒரே தாளில் அடித்துக் கொண்டுவந்திருக்கிறான். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பேச வேண்டும் என்றால் நான் பின்வரிசையில்தான் இருப்பேன்.