செவிக்கு எட்டாத இதய நோய்



தொண்டைப் புண்ணுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு என்று தாய்மார்கள் வினவலாம். ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியினத்தில் ஒருவகை, குழந்தையின் தொண்டையைத் தாக்கும்பொழுது உடல் அதனை எதிர்த்துப் படை திரட்டுகிறது. அக்கிருமியின் புரதம் நம் இதயத் திசுவை ஓரளவு ஒத்திருப்பதால், சில குழந்தைகளிடத்தில் அப்படை தன் வீட்டையே தாக்கத் தொடங்கிவிடுகிறது. இதுவே ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வீக்கம் தானே வடிந்துவிடும். இதய வால்வில் விழுந்த வடு எளிதில் மறைவதில்லை. ஓரறையில் பலர் நெருங்கி உறங்கும் வீடுகளில் இக்கிருமி விரைந்து பரவும். செல்வ நாடுகளில் இந்நோய் அருகியமைக்கு மருந்தோடு நல்ல குடியிருப்பும் காரணமாயிற்று என்பதை இவ்வவை மறத்தலாகாது.

தொடக்கத்தில் வால்வின் கசிவு மிகச் சிறிதாதலின் ஸ்டெதாஸ்கோப்புக்குப் பெரும்பாலும் அகப்படாது. 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாரும், உலோகத்தின் உட்பிளவுகளைக் காணப் பயன்பட்ட கேளா ஒலிக் கருவியை இரவல் பெற்று, மனித இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். பட்டறைக் கருவி மருத்துவமனை புகுந்த கதை இது! அதன் வழித்தோன்றலே இன்றைய எக்கோ. அதில் ஊசியில்லை, கதிர்வீச்சில்லை, வலியுமில்லை.

2007இல் வெளியான ஆய்வொன்றைக் கூறுகிறேன். கம்போடியாவில் 3,677 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்ததில், மருத்துவரின் நேர்ச் சோதனை காட்டிக்கொடுத்தவர் 8 பேர். எக்கோ காட்டியவர் 79 பேர். மொசாம்பிக்கில் 2,170 பேருள் முன்னது 5, பின்னது 66. நலமுடையவரென்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கக்கூடிய பிள்ளைகள் எத்தனை பேர், பாருங்கள்.

கண்டறிந்தபின் செய்வது யாது? உகாண்டாவில் எக்கோ வழியாக நோயின் தொடக்கநிலை அறியப்பட்ட 818 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி இரண்டாண்டுகள் போட்டனர். முடிவு 2022இல் அச்சேறியது. ஊசி பெற்றோருள் நோய் வளர்ந்தவர் 3 பேர்; பெறாதோருள் 33 பேர். பெறாதோரிலும் பெரும்பாலோர்க்கு அவ்விரண்டாண்டில் நோய் வளரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆகவே எக்கோவில் குறை தெரிந்ததென்று பிள்ளையைப் பள்ளியினின்றும் நிறுத்திவிடாதீர்கள். பெண்ணாயின், மணத்துக்கு ஆகாதவள் என்று முத்திரை குத்திவிடாதீர்கள்.

அந்த ஊசி வலிக்கும், பிள்ளை அழும். இரண்டு முறை போட்டுவிட்டு நின்றுவிடும் வீடுகளும் உண்டு. எக்கோ முகாம் நடத்த யாரேனும் முன்வந்தால், அடுத்த நான்காம் வாரம் ஊசி எங்கே கிடைக்கும், யார் போடுவார் என்று முதலில் கேளுங்கள். விடை கிடைத்தபின் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துங்கள்.